நரிக்குன்றுப் படுதா

திருத்தணி ஸ்டேஷன் ரோட்டில் ராஜகோபாலின் போட்டோ ஸ்டுடியோவுக்குப் பின்திரை எழுதிக்கொடுப்பது துளசிங்கத்தின் பிழைப்பு. மலையில் மொட்டை போட்டு இறங்கியவர்கள் சந்தனத் தலையோடு வந்து அந்தப் படுதாவுக்கு முன்னால் விறைப்பாக நிற்பார்கள். பின்னால் நிறைந்த ஏரி, மரம் மூடிய குன்று. பார்க்கிறவர்கள் ஏதோ மலைநாடு என்று நினைப்பார்கள். அது துளசிங்கத்தின் குடிசைக்கு எதிரே இருந்த நரிக்குன்றுதான்.

படுதா நைந்து கிழிய, மூன்று நாலு வருஷத்துக்கு ஒருமுறை புதிதாக எழுதுவான். இதற்கிடையே அந்தக் குன்றில் வெடி வைத்து ஜல்லி உடைக்க ஆரம்பித்திருந்தார்கள். ஒரு படுதாவுக்கும் அடுத்ததற்கும் நடுவில் குன்றின் தோள் போனது, பிறகு தலை போனது. ராஜகோபால் மட்டும் பழைய பச்சையையே கேட்டார். துளசிங்கமும் இல்லாத மரத்தை நட்டு, வராத தண்ணீரை நிரப்பிக்கொண்டிருந்தான். வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடை. கல்குவாரி மண் சரிந்து ஓடையை அடைத்ததால் ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. காற்று அனலாக அடித்தது. ஊரார் வானத்தைத் திட்டினார்கள். வானமா வந்து சாட்சி சொல்லப்போகிறது? துளசிங்கத்துக்குப் பொய் எழுதி எழுதி அலுத்துவிட்டது. இந்த முறை வெட்டுப்பட்ட குன்றையும் வெடித்த ஏரியையும் உள்ளது உள்ளபடி எழுதினான்.

ராஜகோபால் தலையில் அடித்துக்கொண்டார். ஒரு வாரம் மாட்டுவது, ஒரே ஒரு ஆளாவது இதன் முன்னால் படம் எடுத்துக்கொண்டால் படுதா இருக்கட்டும், இல்லாவிட்டால் துளசிங்கமே அதன்மேல் பச்சை பூசவேண்டும் என்று முடிவானது. வந்தவர்கள் எல்லாரும் வேறு திரை கேட்டார்கள். "மொட்டையும் போட்டுகினு இதாண்ட நின்னா கருமாதி முடிச்சி வந்த மாரி கீதுங்க" என்றார் ஒருவர்.

கடைசி நாள் சாயங்காலம் அவன் மனைவி குப்பம்மாள் குவாரியிலிருந்து நேராக அங்கே வந்தாள். புருவமெல்லாம் கல்தூசி. படுதாவை வெகுநேரம் பார்த்தாள். கண் கலங்குவாள் என்று துளசிங்கம் காத்திருந்தான்.

"எல்லாம் கீது. நாங்க எங்கய்யா?" என்றாள். "இத்தினி வருசமா அங்க குந்திகினு ஒடைக்கிறேன். நான் உன் கண்ணுக்குத் தெரியலயா?"

துளசிங்கம் படுதாவைத் திரும்பிப் பார்த்தான். குன்றைத் தின்றவர்கள் யாரோ என்றே கோபத்தோடு வரைந்திருந்தான். படுதா வேலை இல்லாத வருஷங்களில் அவன் வீட்டு உலை கொதித்தது அந்தக் கல்லால்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

குப்பம்மாள் தன்னை ஒரு போட்டோ பிடிக்கச் சொன்னாள். அதுவரை அவளுக்குப் போட்டோவே கிடையாது. ராஜகோபால் நிற்கச் சொன்னார். முட்டி வலி, முடியாது என்றாள். நாற்காலி போட்டார். அதையும் தள்ளிவிட்டு, வெட்டுப்பட்ட குன்றின் அடியில் ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டிக் குந்தினாள். வலது கை தானாகவே சுத்தியல் பிடிப்பதுபோல் மூடிக்கொண்டது. படம் எடுத்தாயிற்று.

படுதா பிழைத்தது. துளசிங்கத்துக்கு அது நினைவில்கூட இல்லை. அவளை எழுப்பக் கை நீட்டினான்.

"இரு, செத்த நேரம் குந்திக்கிறேன்" என்றாள். "இங்க வெயில் இல்ல."