செயலியில் இல்லாத தோள்

ஆய்வு நெறிமுறைக் கோவையில் ஒரு பிரிவு உண்டு: பங்குபற்றுவோருக்கு ஆபத்து நேரலாம் என்று தெரிந்தால் ஆய்வுக் கருவியை உடனே மாற்றலாம், அனுமதியைப் பிறகு பெறலாம். வாசித்தவர்கள் குறைவு.

கூட்டுறவுத் திணைக்களத்திலிருந்து ஓய்வுபெற்ற பின், ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்குக் கடற்கரைக் கிராமமான ஆலங்குடாவில் கள இணைப்பாளராக இருந்தேன். கடற்றொழிலாளர் சேர்ந்து வேலை செய்யக் கைபேசிச் செயலி எப்படி உதவுகிறது என்பதே ஆய்வு. கடலில் இருப்பவர் குரல்செய்தி போடுவார். யாராவது கேட்டதும் அவர் பெயரோடு பச்சை அடையாளம் விழும்.

செயலிக்கு முன்பு, கடலில் ஒரு படகு நின்றுபோனால், உதவிக்குப் போகிறவர் தன் படகில் மாட்டும் எஞ்சினைத் தோளில் தூக்கிக்கொண்டு கரைக்கு இறங்குவார். அதைக் கண்டால் மற்றவர்கள் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். காணாவிட்டால் தாங்களே தூக்குவார்கள். செயலியில் அந்தத் தோள் இல்லை.

முதலில் அதைச் சொன்னவர் நியாஸ் என்ற கடற்றொழிலாளி. "எல்லாரும் கேட்டுட்டாங்க, சரி. ஆரு வாறது சேர்? பச்சையா வந்து கயிறு போடும்?" என்று கூட்டத்தில் கேட்டார்.

"ஒன்ட எஞ்சினுக்கு நிண்டுபோறதுதானே தொழில்!" என்று அவருடைய மச்சான் ரிஸ்வான் சிரித்தார்.

'நான் போகிறேன்' என்று ஒரு பொத்தான் வைக்கும்படி ஆய்வை நடத்திய விரிவுரையாளரிடம் கேட்டேன்.

"நடுவில மாத்தினா தரவு பழுதாகிடும், அங்கிள். நெறிமுறைக் குழுவுக்கு எழுதுங்கோ."

"கோவையில உள்ள ஆபத்துப் பிரிவின்படி இப்பவே மாத்தலாம், மிஸ்."

"அது மருந்து ஆய்வுகளுக்குத்தானே?"

அப்படி எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் உரிய பிரதிகளோடு குழுவுக்கு எழுதினேன்.

சோளகக் காற்று எழும்பிய ஒரு காலை நியாஸின் குரல் வந்தது: "எஞ்சின் நிண்டுட்டு. தண்ணி ஏறுது. ஆராவது வாங்க."

பச்சை அடையாளங்கள் வரிசையாக விழுந்தன. அன்று வேறூரான கரைத்தீவில் நின்ற ரிஸ்வான், ஆலங்குடாவில் இருப்பவர்கள் போயிருப்பார்கள் என்று நினைத்தார். ஆலங்குடாவில் இருந்தவர்கள், ரிஸ்வான் கேட்டுவிட்டார், மச்சானை விடமாட்டார் என்று நினைத்தார்கள். பின்னேரம் நியாஸின் மனைவி கரைக்கு வந்து, "ஆரு போன?" என்று கேட்டார். ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகுதான் எஞ்சின்களைத் தூக்கினார்கள்.

மறுநாள் நியாஸின் மையத்துதான் கிடைத்தது.

"கேட்ட நான், சேர்," என்றார் ரிஸ்வான். "கேட்டதுக்கு அடையாளமும் இரிக்கி."

அந்தக் காலைத் தரவில் ஒரு பழுதும் இருக்கவில்லை.

சேர்ந்து உழைப்பவர்களுக்குக் கருவி செய்யும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன்: யார் கேட்டார் என்பதைவிட, யார் புறப்பட்டார் என்பதைக் காட்டுங்கள்.

பொத்தானுக்கு அனுமதி தந்து குழுவின் பதில் வந்தது, நியாஸுக்காக ஓதிய நாற்பதாம் நாள் கத்தத்தன்று.