மிஸ்ஸிக்குத் தமிழ், எனக்குப் பெம்பா

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட முதல் வாரம், பிற்பகல் மூன்று மணி. மரப்பால் நிறுத்து முடிந்து, மலாயாவில் ஈஜோக் பக்கத்து எங்கள் ரப்பர்த் தோட்டம் சற்றே அடங்கியிருந்த அந்த வேளையில்தான் என் முதல் வளர்ந்த மாணவி வந்து எதிரே அமர்ந்தார். வளர்ந்தவர்களுக்கு மொழி கற்பிப்பது நிறைகுடத்தில் தண்ணீர் ஊற்றும் தொழில். முன்பே உள்ளிருப்பதுதான் முதலில் வழியும். இத்தொழிலில் தொண்டை வறண்டவர்கள் வாசகரிடையே இருப்பீர்கள். உங்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுப்பகுதி அது. நான் தோட்டத்துத் தலைமைக் கணக்கரான பெரிய கிராணியாரின் மகள், கோலாலம்பூரில் ஆங்கிலப் பள்ளி முடித்து வந்தவள். மாணவி, தோட்ட ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த வெள்ளைக்காரத் தாதி. எல்லோருக்கும் அவர் 'மிஸ்ஸி'. மூன்று மாதத்தில் நோயாளிகளோடு தமிழில் பேசவேண்டும், இல்லையேல் வேலை இல்லை என்று தோட்ட மேலாளரான பெரிய துரை சொல்லியிருந்தார். லயம் என்னும் தொழிலாளர் வரிசைவீடுகளில் இருந்த பெண்கள், பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி உதவியாளரான ஆண் டிரஸ்ஸரை அண்டவிடமாட்டார்கள். முந்திய ஆண்டு இரண்டு தாய்மார் லயத்திலேயே இறந்திருந்தனர். ஆகவே அந்த மூன்று மாதத்தை நான் விளையாட்டாக எண்ணவில்லை.

ஒரே அறை

முதற்பாடம் 'தண்ணீர்'. ஐந்து முறை சொல்லிக்கொடுத்துவிட்டு, குவளையைக் காட்டி, "இது என்ன?" என்றேன். "அமென்ஷி" என்றார். மருந்துப் புட்டியைக் காட்டினேன். "உமுத்தி" என்றார். பிறகு முகம் சிவந்து, தாமே விளக்கினார். ஆப்பிரிக்காவில், வடக்கு ரொடீசியாவின் பெம்பா மக்களிடையே ஏழாண்டு தாதியாக இருந்தவராம். வாயில் வந்தவை தண்ணீருக்கும் மருந்துக்கும் அவர்கள் சொல்லும் சொற்களாம். அவர் மனத்தில் ஆங்கிலத்துக்கு ஓர் அறை. ஆங்கிலமல்லாத அனைத்துக்கும் சேர்த்து இன்னோர் அறை. அந்த அறையில் பெம்பா முன்பே குடியேறித் தாழ்ப்பாளும் போட்டிருந்தது.

கண்டித்துப் பயனில்லை. அவர் சொல்ல வந்தது இன்னதென்று தெரிந்தாலன்றித் திருத்த முடியாது. எனவே குறிப்பேட்டில் இடப்பக்கம் பெம்பாவும் வலப்பக்கம் தமிழுமாக எழுதி, இருவரும் உரக்கப் படித்தோம். உம்வானா, பிள்ளை. இசேனி, வாருங்கள். ஒரு வாரத்தில் இடப்பக்கத்து நாற்பது சொற்களும் எனக்கு மனப்பாடம். வலப்பக்கத்தில் அவருக்கு ஒன்பது. வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த டிரஸ்ஸர், எங்கள் யாழ்ப்பாணத்துத் தம்பையா, மிகவும் பணிவாக வினவினார்: "பிள்ளை, இதிலை ஆர் ஆருக்குப் படிப்பிக்கிறது?"

துரைமார் புத்தகம்

எனக்குத் தெரியாமல் மிஸ்ஸி இன்னோர் ஆசிரியரையும் வைத்திருந்தார். துரைமாருக்கென்று அச்சிட்ட தமிழ்க் கையேடு அது. 'வா', 'போ', 'வெட்டு', 'சும்மா நிற்காதே' எல்லாம் அதில் உண்டு, 'நோகிறதா' இல்லை. கார்த்திகையில் ஒரு நாள் ஐந்தாம் லயத்துக்குப் போனோம். அங்கம்மாள் என்னும் மூதாட்டியின் மருமகள் அங்கே முழுகாமல் இருந்தாள். மிஸ்ஸி வாசலில் நின்று, "வா! படு!" என்றார், முதன்முறையாகப் பிழையே இல்லாமல். அங்கம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். உள்ளிருந்து குரல் வந்தது: "பெரட்டுல மண்டோரு கத்துறது பத்தாதுன்னு வூட்டுக்கும் ஒண்ணு வந்திருக்கு." பெரட்டு என்பது விடியற்கால ஆள்கணக்கெடுப்பு, மண்டோர் அங்கே அதட்டும் கங்காணி.

திரும்பும் வழியில், "பெம்பா வீட்டு மூதாட்டியிடம் இப்படித்தான் பேசுவீர்களா?" என்று கேட்டேன். அவர் திடுக்கிட்டார். அங்கே வாசலில் குந்தி, இரு கைகளையும் மெல்லத் தட்டி, உள்ளே அழைத்த பிறகே பேசுவார்களாம். "அதையே செய்யுங்கள்" என்று கையேட்டை வாங்கி என் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். மறுநாள் மிஸ்ஸி சேற்று வாசலில் குந்தி, கை தட்டி, "உள்ள வரலாமா அம்மா?" என்றார். சொல் என்னுடையது, மரியாதை பெம்பாக்காரர்களுடையது. சுற்றி நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அங்கம்மாள் சிரிக்கவில்லை. "சேத்துல குந்தாத தாயி, பாவாட கெட்டுப்போவும். உள்ள வா."

பலகைச் சுவருக்கு வெளியே

மார்கழிக் கடைசியில், விடிந்து சற்று நேரத்தில், அந்த மருமகளுக்கு வலி கண்டது. அங்கம்மாளே மிஸ்ஸியை அழைத்துவர ஆள் அனுப்பினாள். மணமாகாதவள் என்று என்னை உள்ளே விடவில்லை. பலகைச் சுவருக்கு வெளியே நின்று, என் இரண்டரை மாத உழைப்பு கரைவதைக் காதால் கேட்டேன். குழந்தை திரும்பியிருந்த பதற்றத்தில் மிஸ்ஸியிடம் தமிழ் ஒரு சொல்லும் மிஞ்சவில்லை. "அமென்ஷி, அமென்ஷி" என்றார். நான் மொழிபெயர்க்க வாய் திறந்தேன். தேவைப்படவில்லை. மிஸ்ஸி வாரம் இருமுறை அவ்வீட்டுக்குப் போய்வந்ததில் நான் அறியாத மாணவி ஒருத்தி அங்கே தேறியிருந்தாள். அடுத்த வீட்டுக்காரியை அதட்டிய அங்கம்மாளின் குரல் கேட்டது: "மிஸ்ஸி அமென்ஷி கேக்குதுல்ல, என்னாடி நிக்கிற? சுடச்சுடக் கொண்டா."

பரீட்சை

தாயும் பெண்குழந்தையும் பிழைத்தார்கள். தை பிறந்த மறுவாரம், காலை பத்து மணிக்குப் பெரிய துரை தம்முடைய கையேட்டோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். 'களை பிடுங்க ஏன் தாமதம்?' என்பதைத் தமிழில் சொல்லச் சொன்னார். மிஸ்ஸிக்குத் தெரியவில்லை, நான் கற்பிக்கவில்லை. அடுத்த இரண்டு கேள்விகளும் அவ்வாறே முடிந்தன. துரை புத்தகத்தை மூடினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெளியே போகத் திரும்பியவர் தாழ்வாரத்தில் நின்றுவிட்டார். அங்கே பதினொரு பெண்கள் மிஸ்ஸிக்காகக் காத்திருந்தார்கள். ஐப்பசியில் அந்தப் பெஞ்சியில் ஒருத்தியும் உட்கார்ந்ததில்லை. முதல் ஆளாக, மருமகளுக்கு மருந்து வாங்கப் புட்டியோடு வந்திருந்தாள் அங்கம்மாள். துரை கையேட்டுத் தமிழில் அவளிடம் கேட்டார்: "ஏய், மிஸ்ஸி பேச்சு உனக்குத் தெரியுது?" அங்கம்மாள் எழுந்து, முந்தானையைச் சரிசெய்து, மரியாதை குறையாமல் பதில் சொன்னாள்: "மிஸ்ஸி பேசறது நல்லா வெளங்குதுங்க தொர. தொர பேசறதுதான் கொஞ்சம் செரமமா இருக்கு. நம்ம டீச்சரம்மாகிட்ட மூணு மாசம் படிச்சா சரியாயிரும்."

மிஸ்ஸி அத்தோட்டத்தில் நிலைத்தார். தமிழ் கற்பித்ததற்கு எனக்குரிய பதினைந்து வெள்ளியைத் தோட்டத்து ஆபீஸ் தைப்பூசத்துக்கு முதல்நாள் குறையாமல் எண்ணிக் கொடுத்தது. அதே மூன்று மாதத்தில் நானும் அங்கம்மாளும் கற்ற பெம்பாவுக்கு உரிய கட்டணத்தை மட்டும் இன்றுவரை எங்களிடம் யாரும் கேட்கவில்லை.