கப்பல் படிப்பில் பாக்கி ஒரு வருஷம்

என் மைத்துனன் வெங்கடகிருஷ்ணன் கிளாஸ்கோவில் கப்பல் கட்டும் படிப்பு படித்தவன். படித்தவன் என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். கடைசி வருஷம் பாக்கி. பெங்களூர்க்காரனுக்கு எதற்குக் கப்பல் என்று அல்சூரில் கேட்காத ஆளில்லை. நானும் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவன்தான்.

முப்பத்தொன்பதாம் வருஷக் கோடை விடுமுறையில் அவன் ஊருக்கு வந்தது எங்கள் கல்யாணத்துக்காக. அவன் தங்கை ராஜலக்ஷ்மியைத்தான் நான் கட்டிக்கொண்டேன். ஓமத்தில் பெண்ணின் கையில் பொரி போட உடன்பிறந்தவன் வேண்டுமே! ஆனி முகூர்த்தம் எங்கள் வீட்டுத் தீட்டால் தள்ளிப்போயிற்று, அப்புறம் ஆடி. படிப்புக்குத் திரும்பிப் போக அவன் துடித்தான். சித்தப்பா பிள்ளை போட்டாலும் செல்லும் என்று வாத்தியாரே சொல்லிவிட்டார். என் மாமனார் சேஷகிரி ஐயர் அசையவில்லை. மைசூர் சர்க்கார் உத்தியோகஸ்தர். வீட்டிலும் அவர் வைத்ததுதான் சட்டம்.

"உன் கையால போட்டாத்தான்டா எனக்குத் திருப்தி. கப்பல் எங்க ஓடிப்போறது?"

ஆவணியில் கல்யாணம் நடந்தது. மறுவாரம் யுத்தம் மூண்டது. அவன் போகவேண்டிய கப்பல் பட்டாளத்துக்குப் போய்விட்டது. பம்பாய் வரை போய் அலைந்துவிட்டுத் திரும்பினான். மாமனார் சும்மா இருப்பாரா? மராமத்து இலாகாவில் ஏரிக்கரை பார்க்கும் வேலை, கையோடு அனந்தலக்ஷ்மியுடன் கல்யாணம். மதகின் மேல் நின்றுகொண்டு அவன் திட்டாத ஆளில்லை. அப்பாவை, பஞ்சாங்கத்தை, ஜெர்மனியை, சில சமயம் என்னை. அப்படி ஒருவனை அடைத்துப் போட்டிருக்கக் கூடாது. மாமனார் மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

யுத்தம் முடிந்தது. மாமனாரே இறங்கி வந்து, "போய் முடிச்சுட்டு வாடா" என்றார். அனந்தலக்ஷ்மி என் முன்னாலேயே சொன்னாள்:

"ஒரு வருஷம்தானே! கொழந்தைகளை நான் பாத்துக்கறேன், போங்கோ."

கப்பலில் இடமும் கிடைத்தது. புறப்பட ஒரு வாரம் இருக்கும்போது என்னை ஏரிக்கரைக்குக் கூட்டிப் போனான்.

"பாடமெல்லாம் மறந்துபோச்சு, மாப்பிள்ளை. எடுத்துப் பாத்தா ஒண்ணும் மண்டையில ஏறல. சின்னப் பசங்களோட உக்காந்து தோத்துட்டு வரவா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் போகவில்லை.

அந்தத் தீபாவளிக்கு வந்த உறவுக்காரர் ஒருவர், பயணம் என்னவாயிற்று என்று கேட்டார்.

"எங்க போறது? இவ அழுது ஆர்ப்பாட்டம் பண்ணிட்டா" என்றான் வெங்கடகிருஷ்ணன், கூசாமல்.

காபி கொண்டுவந்த அனந்தலக்ஷ்மி வாயே திறக்கவில்லை. எனக்கு ரத்தம் கொதித்தது. சமையலறை வாசலுக்குப் போய், "போகச் சொன்னவளே நீதானேம்மா? ஏன் பேசாம இருந்தே?" என்று கேட்டேன்.

"இருக்கட்டும் அண்ணா" என்றாள். "என்னைச் சொல்லிண்டாவது ராத்திரி தூங்கறாரே."