புவியியல் டீச்சரின் கம்ப்யூட்டர் லேப்

ஆண்டுக் கூட்டத்தில் நின்றுபோன புரொஜெக்டரைத் தட்டி ஓடவைத்ததுதான் புவியியல் டீச்சர் செய்த ஒரே குற்றம். பள்ளிக்குக் கம்ப்யூட்டர் வாங்கும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. "உங்க கை ராசியான கை. நீங்களே பாருங்க" என்றார் பிரின்சிபால்.

கடைக்காரர் காட்டிய புது மெஷின்கள் பளபளத்தன. ஆனால் சாஃப்ட்வேர் லைசென்ஸை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டுமாம். யானையை வாங்கிவிடலாம், தீனி யார் போடுவது? டீச்சர் வேறு வழி தேடினார். ஒரு காப்பீட்டு அலுவலகம் கழித்துக்கட்டிய பழைய கம்ப்யூட்டர்களைப் பேசி வாங்கினார். இலவசமாகக் கிடைக்கும் சாஃப்ட்வேரை விடுமுறையெல்லாம் உட்கார்ந்து கற்றார். நல்ல சர்வர் ஒன்றை மட்டும் புதிதாக வாங்கி, மற்றவையெல்லாம் அதிலிருந்தே இயங்கும்படி கேபிள் இழுத்தார். மேஜைக்கடியில் தவழ்ந்து தவழ்ந்து, பிள்ளைகளிடம் 'பிளக் டீச்சர்' என்று பெயரும் வாங்கினார்.

லேப் ஓடியது. பக்கத்துப் பள்ளிக்காரர்கள்கூட வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். டீச்சருக்குப் பெருமைதான்.

அவருடைய கணவருக்கு வேறு ஊரில் ஆஸ்பத்திரி வேலை. மகளும் அப்பாவோடு முன்னாலேயே போய்விட்டாள். அதே நிர்வாகத்துக்கு அங்கேயும் ஒரு பள்ளி உண்டு. லேப் முடிந்ததும் டீச்சர் மாற்றல் வாங்கி அங்கே போவதாகப் பேச்சு.

"தாராளமா போங்க" என்றார் பிரின்சிபால். "லேப்பைப் பாத்துக்க ஒருத்தரைத் தயார் பண்ணிட்டுப் போங்க."

இயற்பியல் சாரைப் பிடித்தார் டீச்சர். சார் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். மறுநாள் எந்தக் கேபிள் எங்கே போகிறது என்றே தெரியாது.

"ஏன் சார், நேத்துதானே சொன்னேன்?"

"மேடம், உங்ககிட்ட மறைக்கிறதுக்கென்ன? எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா என் தலையில கட்டிடுவாங்க. எனக்கும் ஊருக்குப் போகணும்."

அடுத்து ஆபீஸில் டைப் அடிக்கும் பெண். கற்பூர புத்தி. சொல்லச் சொல்லப் பிடித்துக்கொண்டாள். எல்லாம் கற்று முடித்த கையோடு, அந்தப் படிப்பைக் காட்டியே ஒரு கம்பெனியில் வேலை வாங்கிக்கொண்டு, டீச்சர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள். வாழ்த்தாமல் என்ன செய்வது?

புலிவாலைப் பிடித்த கதைதான். டீச்சர் காய்ச்சலில் படுத்தாலும் போன் அடிக்கும்.

ஒரு திங்கட்கிழமை சர்வர் உயிர்விட்டது. பிரின்சிபால் வந்து இடுப்பில் கைவைத்து நின்றார். "முடியலன்னா சொல்லுங்க மேடம். கடைக்காரரையே கூப்பிட்டு எல்லாத்தையும் மாத்திடறேன். உங்களுக்கும் விடுதலை."

டீச்சர் மூடியைக் கழற்றினார். பார்த்ததுமே புரிந்துவிட்டது. உள்ளே இருந்த ரேம் கார்டின் முனையில் அழுக்கு. முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அடுத்த மாதமே மகளுக்குத் தலை பின்னிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது. வாசலில் ஏழாம் வகுப்பு, செருப்பைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது. கடைக்காரருடைய மெஷின் வந்தால் மறு வருஷம் லைசென்ஸ் கட்ட முடியாமல் இந்த அறையைப் பூட்டிவிடுவார்கள் என்பதும் அவருக்குத் தெரியும்.

ரப்பரை எடுத்து முனையைத் தேய்த்துப் பொருத்தினார். திரையில் வெளிச்சம் வந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"நீங்க இருக்கிற வரைக்கும் எனக்கென்ன கவலை!" என்றார் பிரின்சிபால்.

அந்த வருஷம் மாற்றல் கிடைத்தது இயற்பியல் சாருக்கு. அவர் போனால் எதுவும் நின்றுவிடாதே!

செய்தியைக் கேட்டு மகள் போனில் கோபித்துக்கொண்டாள். "உனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு சொல்லிடேன்மா!"

"இனிமே சொன்னா நம்ப மாட்டாங்கடி" என்றார் டீச்சர்.

"டீச்சர், எனக்கு மட்டும் வரல" என்று லேப்பின் மூன்றாம் வரிசையிலிருந்து யாரோ கத்தினார்கள். போனைப் பையில் போட்டுவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு, மேஜைக்கடியில் குனிந்தார்.