லேபர் செக்‌ஷன் யாருக்குக் கீழே?

நூற்பாலையில் பஞ்சுக்கு ஒரு அதிகாரி, நூலுக்கு ஒரு அதிகாரி, பாய்லருக்குக்கூட ஒரு அதிகாரி உண்டு. ஆட்களைக் கவனிக்கிற லேபர் செக்‌ஷன் மட்டும் வந்தவர் போனவருக்கெல்லாம் கீழே. அப்படியொரு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியிருக்காது.

நகரிப் பக்கத்து ஆலை அது. ஆந்திர ராஜ்யம் பிறந்த புதிது. செக்‌ஷன் என்றால் லேபர் ஆபீஸர் முனுசாமி சாரும், அவருக்கு டைப் அடிக்கும் நானும்தான். கான்வென்ட்டில் சிஸ்டர்கள் எனக்கு இங்கிலீஷையும் பயத்தையும் சேர்த்தே கற்றுக்கொடுத்தார்கள். இங்கிலீஷ் கொஞ்சம் மறந்துவிட்டது. கணவர் கர்னூலில், கூடாரத்தில் நடந்த சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடையாது.

ஆலையில் பாடுபடும் பெண்களின் குழந்தைகளுக்காகச் சட்டப்படி வைத்திருந்த தொட்டில் அறை எங்கள் பொறுப்பு. கைக்குழந்தையான என் வசந்தியையும் அங்கே விட முனுசாமி சார் வாய்வார்த்தையாகச் சம்மதித்திருந்தார். ஆபீஸ்காரிக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆகவே எங்களுக்கு மேலதிகாரி மாறும்போதெல்லாம், புதியவர் “இந்தக் குழந்தை ஏது?” என்று கேட்டுவிடுவாரோ என்று எனக்குப் பயம். கேட்டுவிட்டால் வேலையை விடுவதைத் தவிர வழியில்லை.

டைம் கீப்பர் காலம்

ஆட்கள் வருவதையும் போவதையும் டைம் கீப்பர்தானே பார்க்கிறார் என்று, மானேஜர் முதலில் எங்களை அவருக்குக் கீழே போட்டார். வேலைக்கு வந்த நாளில் டைம் கீப்பர் தனக்கு ஆப்சென்ட் போட்டுவிட்டார் என்று நூல் சுற்றும் குப்பம்மா எங்களிடம் புகார் சொன்னாள். நான் டைப் அடித்தேன். சார் கையெழுத்துப் போட்டார். எந்தக் காகிதமும் மேலதிகாரி வழியாகத்தான் மானேஜருக்குப் போக வேண்டும். எங்கள் மேலதிகாரியோ டைம் கீப்பர். சாயங்காலத்துக்குள் அது திரும்பி வந்தது: “விசாரித்தேன். என் பேரில் தவறில்லை.”

முனுசாமி சார் அதைக் குப்பம்மாவுக்கு வாசித்துக் காட்டினார். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்: “இதை நானே அந்தாளாண்ட நேரா சொல்லியிருப்பனே, நீங்க எதுக்கு சார் நடுவுல குந்திகினு கீறீங்க?”

பழையது எங்கே?

அடுத்து மானேஜருக்கு வேறு ஞானோதயம் வந்தது. ஆலைக்குத் தேவையானதை வாங்கித் தருவது ஸ்டோர்ஸ். ஆட்களும் ஆலைக்குத் தேவைதானே! எங்கள் மேஜைகள் பெல்ட்டுக்கும் மெஷின் எண்ணெய்க்கும் பக்கத்தில் போய்ச் சேர்ந்தன. ஸ்டோர் கீப்பர் நாயுடு சட்டதிட்டக்காரர். தேய்ந்த பெல்ட்டைத் திருப்பிக் கொடுத்தால்தான் புது பெல்ட் தருவார். கல்யாணமாகிப் போன இரண்டு பெண்களுக்குப் பதிலாக ஆள் எடுக்க நாங்கள் அனுமதி கேட்டோம். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “சரி, பழைய ரெண்டு எங்கே?” என்றார். அவர் வேடிக்கையாகப் பேசி யாரும் பார்த்ததில்லை.

பிறகு தொட்டில் அறையைச் சரிபார்க்க வந்தார். தொட்டில் நாலு, குழந்தை ஐந்து. ஐந்தாவது என் பழைய புடவைத் தூளியில் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டு கிடந்தது. “ஏமம்மா, ஸ்டாக்குல இல்லாதது ஸ்டோர்ஸ்ல இருக்கக் கூடாது. சித்தூர் ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் வர்றதுக்குள்ள எடுத்துடணும்,” என்றார்.

மேலிடத்துப் பதில்

என் முகத்தைப் பார்த்து இரங்கிய முனுசாமி சார், எங்கள் செக்‌ஷனை நேராக முதலாளிக்குக் கீழேயே வைத்துவிடும்படி சென்னைக்கு எழுதினார். முதலாளி வசந்தியைப் பற்றிக் கேட்க மாட்டார். அவர் ஆலைப் பக்கமே வருவதில்லை. நகரி சென்னையோடு சேருமா, ஆந்திராவிலேயே இருக்குமா என்று ஊரே அடித்துக்கொண்டிருந்த சமயம் அது. “எல்லைத் தகராறு தீரட்டும், பார்க்கலாம்” என்று பதில் வந்தது.

முனுசாமி சார் அதை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். “ஏம்மா, இந்த ஊரே யாருக்குக் கீழேன்னு டெல்லியில யோசிச்சுகினு கீறாங்க. நாம ரெண்டு மேஜை. நம்மள எப்போ யோசிக்கிறது?”

கோடில்லாத கட்டம்

இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றதும், யாருக்குக் கீழே யார் என்று கட்டம் கட்டமாகப் படம் போட்டு மாட்டச் சொன்னார் மானேஜர். நான்தான் வரைந்தேன். எங்கள் கட்டத்திலிருந்து மேலே கோடு இழுக்கப் போனால் ஒருவரும் ஒப்பவில்லை. ஆட்களைப் பற்றி இன்ஸ்பெக்டர் குறை சொன்னால் அது கோட்டைப் பிடித்துக்கொண்டு தங்கள் தலைக்கு ஏறுமே! டைம் கீப்பர் கைகழுவினார், நாயுடுவும் கைகழுவினார். எங்கள் கட்டம் தனியாகத் தொங்கியது.

தொட்டில் அறைக்குச் சுண்ணாம்பு அடித்து, அழுக்காகிவிடும் என்று அன்றைக்குப் பிள்ளைகளைக் கொண்டுவர வேண்டாமென்றும் உத்தரவு. எனக்குப் போக்கிடம் ஏது? வசந்தியைக் கூடையில் வைத்து மேஜைக்கடியில் ஒளித்துவிட்டு, அவள் அழக்கூடாதே என்று அத்தனை சாமிகளையும் மாதாவையும் வேண்டிக்கொண்டிருந்தேன்.

திருப்பதி மொட்டை பளபளக்க மானேஜர் ஓடி வந்தார். “அந்த ஆள் தொட்டிலைப் பார்க்கணுங்கறாரு! ஒரு பிள்ளைகூட இல்லியேம்மா!” கடவுள் செயலாக அந்த நேரம் பார்த்து வசந்தி வீலென்றாள். மானேஜரே குனிந்து கூடையைத் தூக்கினார். சுண்ணாம்பு வாசனை அடித்த அறையில், நடுத்தொட்டிலில் மகாராணி மாதிரி போய்ப் படுத்தாள்.

இன்ஸ்பெக்டர் முதலில் சுவரிலிருந்த படத்தைக் காட்டி, “இவங்களுக்கு மேலே யாரு?” என்று கேட்டார். எல்லோரும் விட்டத்தைப் பார்த்தார்கள். பிறகு தொட்டிலில் எட்டிப் பார்த்து, “இது யார் குழந்தை? இன்னிக்கு மட்டும் காட்டறதுக்கா? அடுத்த தடவை வந்தாலும் இதை இங்கே பார்க்கணும்,” என்றார். நாயுடு விறைப்பாக முன்னால் வந்து நின்றார். “மன ஸ்டாக்கே சார்! நம்ம ஸ்டாக்குதான்!”

ஆக, லேபர் செக்‌ஷன் யாருக்குக் கீழே என்பது இன்றுவரை தீர்மானமாகவில்லை. என் மகள் ஸ்டோர்ஸுக்குக் கீழே என்பது மட்டும் தீர்மானமாகிவிட்டது.