ஆவி வராத இரண்டாம் பாதி

லிஃப்ட் மெக்கானிக்கும் அவர் மனைவியும் ஒரு படத்தை முழுதாகப் பார்த்து ஒன்பது வருஷம் இருக்கும். வீட்டில் இருப்பது ஒரே ஒரு பிளேயர், உள்ளங்கை அகலத் திரை. காலை ரயிலில் அவர் அதைத் திறந்தால், திரையில் ‘இடைவேளை’ விழும்போது வேலைக்கு இறங்கும் நிலையம் வந்துவிடும். மதியம் அவர் திரும்பி வந்து இறங்கும் பிளாட்பாரத்தில்தான் மனைவி, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்குப் போக ரயில் ஏறுவாள். நடுவே எட்டு நிமிஷம். அதற்குள் பெஞ்சில் உட்கார்ந்து முதல் பாதியை மூச்சு விடாமல் சொல்லி, பிளேயரை அவள் கையில் கொடுப்பார். மறுநாள் காலை அவர் சட்டைப் பொத்தானைப் போட்டு முடிப்பதற்குள் அவள் மீதிக் கதையைச் சொல்லிவிடுவாள். ஆளுக்குப் பாதி. இதைவிடப் பொருத்தம் எந்த ஜோடிக்கு உண்டு என்று வேலையிடத்தில் பீற்றிக்கொள்வார்.

சில மாதங்களாக வசனம் அவர் காதில் சரியாக விழவில்லை. இயர்போன்மீது பழியைப் போட்டு மூன்று மாற்றினார். விழாத இடங்களைச் சொந்தக் கற்பனையால் நிரப்பினார். படம் போனால் போகட்டும். கயிறு தேய்வதையும் பேரிங் முனகுவதையும் காதால் பிடிக்கிற தொழில் அவருடையது. காது போனால் வேலை போகும், வேலை போனால் விசா போகும், மகளுக்கோ பள்ளி முடிய இன்னும் இரண்டு வருஷம். மனைவியிடம்கூட அவர் மூச்சு விடவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை, இது பேய்ப் படம் என்று சொல்லிப் பிளேயரைக் கொடுத்தார். பழைய வீட்டில் ஆவி இருக்கிறதென்று கதாநாயகியிடம் ஒரு கிழவர் ரகசியமாகச் சொல்கிறார், உஷார் என்றார்.

மறுநாள் காலை அவள் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“ஆவியே வரலைங்க. பக்கத்து சீட்டு அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டுக் கடைசி வரைக்கும் காத்திருந்தேன். திரும்பி வரும்போது முதல்லேருந்து போட்டுப் பார்த்தேன். அந்தப் பெரியவர் சொன்னது சாவி. பழைய வீட்டுல சாவி இருக்காம்.”

அவர் சிரித்து இயர்போனைத் திட்டினார். அவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பாதியில் அவள் சிரிப்பு நின்றது. அவரைச் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கச் சொன்னாள். தான் சொல்வதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். ‘சட்டை’ என்றாள்; ‘அட்டை’ என்றார். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் விழவில்லை. குத்துமதிப்பாக ‘ஆணி’ என்றார்.

“நான் வாயே திறக்கலைங்க,” என்றாள்.

அவர் திரும்பவில்லை. வேலை, விசா, பள்ளிக்கூடம் என்று சுவரைப் பார்த்தே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். ஏன் மறைத்தீர்கள் என்று அவள் சண்டைக்கு வரவில்லை. பக்கத்தில் போய், அவர் முகம் பார்த்து நின்றுகொண்டு, ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“மேலேருந்து உங்க கூட்டாளி நிறுத்துன்னு கத்தினா, உங்களுக்கு என்னன்னு விழும்? அந்த மனுஷனுக்கும் வீடுன்னு ஒண்ணு இருக்கு.”

அவர் மேற்பார்வையாளருக்குப் போன் போட்டார். காதைச் சோதிக்கும்வரை தன்னை லிஃப்ட் வேலைக்கு அனுப்ப வேண்டாம் என்று அந்த ஊர் மொழியில் தட்டுத் தடுமாறிச் சொன்னார். வந்த பதிலில் பாதிதான் பிடிபட்டது. மீதியைக் கேட்கப் போனை மனைவியிடம் நீட்டினார்.

டாக்டரிடம் கடிதம் வாங்கி வரச் சொல்கிறாராம். வேறு வேலை உண்டா இல்லையா என்பதை அப்புறம்தான் சொல்வாராம்.

காது ஆஸ்பத்திரி அதே ரயில் தடத்தில் கடைசி நிலையம். அன்றைக்கே இருவரும் லீவு போட்டுக் கிளம்பினார்கள். வழியில் புதுப் படம் ஒன்றைப் போட்டு, ஆளுக்கொரு பக்கம் இயர்போனை மாட்டிக்கொண்டார்கள். ‘இடைவேளை’ என்று விழுந்ததும் பழக்கதோஷத்தில் அவர் எழுந்துவிட்டார். அவள் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

“உக்காருங்க. இன்னும் பாதி இருக்கு.”

உட்கார்ந்தார். நிலையம் பின்னால் போயிற்று. திரையில் யாரோ எதையோ சொல்ல, அவள் சிரித்தாள்.

“என்ன சொன்னான்?” என்று கேட்டார். இத்தனை மாதத்தில் அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.