கணப்படுப்புக்குக் கதவு

எங்கள் வீட்டு முன்முற்றத்தில், மதில் ஓரமாக, ஒரு கணப்படுப்பு நிற்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் குளிர்காய என்ன அவசியம் என்று கேட்பவர்களை நேராக என் கணவரிடம் அனுப்பிவிடுவேன். அவர் பாதி ஆயுளை வளைகுடாவில் ஏ.சி. மெக்கானிக்காகக் கழித்தவர். ஊரார் வீடுகளையெல்லாம் குளிரவைத்துவிட்டு ஓய்வுபெற்று வந்த மனிதருக்கு, சொந்த வீட்டில் தீ மூட்டி உட்கார ஆசை வந்துவிட்டது.

காரணம் எனக்குத் தெரியும். போன குளிர்காலத்தில், கனடாவில் வேலைபார்க்கும் மகளிடம் போயிருந்தோம். அவள் குடியிருக்கும் வீட்டின் பின்புறம் செங்கல்லால் கட்டிய கணப்பு ஒன்று உண்டு. எனக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது. சாயங்காலமானால் போர்வைக்குள் போய்விடுவேன். அப்பாவும் மகளும் மட்டும் வெளியே உட்கார்ந்து தீ காய்ந்தார்கள். இவர் வருடத்துக்கு ஒரு மாத விடுப்பில் வந்துபோன அப்பா. சின்னவளாக இருந்தபோது இவரைக் கண்டாலே அவள் என் சேலைக்குப் பின்னால் ஒளிவாள். வளர்ந்தபிறகு ஒளியவில்லை, அவ்வளவுதான். பேச்சு இரண்டு வார்த்தையைத் தாண்டியதில்லை. அந்தத் தீயின் முன்னால்தான் வாய் திறந்திருக்கிறாள். வளைகுடாவில் உங்களுக்கு யார் சமைப்பார்கள், லீவு நாளில் என்ன செய்வீர்கள், எப்போதாவது அழுதிருக்கிறீர்களா என்றெல்லாம் கேட்டிருக்கிறாள். இவர் உள்ளே வந்தபோது உடம்பெல்லாம் புகை நாற்றம், முகத்தில் கல்யாணக் களை.

"என்ன பேசினிய?" என்று கேட்டேன்.

"சும்மா" என்றார். என்னென்ன கேட்டாள் என்பதை மறுநாள் மகள்தான் சொன்னாள்.

ஊருக்கு வந்ததும், எல்லாவற்றுக்கும் அந்தக் கணப்புதான் காரணம் என்று முடிவுகட்டிவிட்டார். மெக்கானிக் புத்தி அப்படித்தான் போகும். ஒரு மெஷின் ஓடினால், அதேபோல் இன்னொன்று செய்தால் அதுவும் ஓட வேண்டும். கிறிஸ்துமஸுக்கு மகள் வருவாள், தீக்கு முன்னால் உட்காருவாள், அப்பாவிடம் பேசுவாள். இதுதான் திட்டம். வாய்விட்டு அவர் இதைச் சொல்லவே இல்லை. பின்புறம் கிணறும் தென்னையும் அடைத்துக்கொண்டிருந்ததால் முன்முற்றத்தில் இடம் பார்த்தார். செங்கல் கட்டு, மேலே ஒரு வளைவு, அதற்கு மேல் கூம்பிய புகைபோக்கி. எல்லாம் முடிந்து, கதவில் வந்து மாட்டிக்கொண்டார்.

கதவு வேண்டும் என்பதை நானும் ஒப்புக்கொண்டேன். எங்கள் வீட்டில் எரிக்கக் கிடைப்பது தேங்காய்ச் சிரட்டையும் காய்ந்த தென்னம்பாளைக் கொதும்பும். எரியத் தொடங்கினால் பொறி பறக்கும். மதிலுக்கு அந்தப்பக்கம் அடுத்த வீட்டுக்காரர்களின் ஓலைப்புரை. போதாததற்கு எங்களுக்கு வருடத்தில் இரண்டு மழைக்காலம். சாரல் அடித்தால் உள்ளே மீன் வளர்க்கலாம்.

முதலில் கம்பிவலை வாங்கிவந்து இரும்புச் சட்டத்தில் இழுத்துக் கட்டினார். இரண்டாம் நாள் எங்கள் கோழி வலையை விலக்கிக்கொண்டு உள்ளே போய் முட்டையிட்டுவிட்டு வந்தது. கோழிக்குத் தெரியுமா, அது கனடா கணப்பு என்று? தீ மூட்டியபோது வலைக் கண் வழியே பொறி தாராளமாக வெளியே வந்தது. படம் எடுத்து மகளுக்கு அனுப்பினார். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. அந்த விரலைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பிடிச்சிருக்குன்னு அர்த்தமா, பாத்தாச்சுன்னு அர்த்தமா?" என்று என்னைக் கேட்டார்.

"விரலுக்கிட்டயே கேளுங்க" என்றேன்.

அடுத்தது கண்ணாடி. மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் சொல்லி, சூடு தாங்கும் கண்ணாடியில், வளைவுக்கு ஏற்றபடி மேலே வளைத்து, பொன்னிறச் சட்டம் போட்டு இரட்டைக் கதவு செய்துவந்தார். அழகாகத்தான் இருந்தது. அதுவே வினையாகிவிட்டது.

மறுநாள் காலையில் கடியப்பட்டணத்திலிருந்து மீன் கொண்டுவரும் அக்கா, கேட்டுக்குள் நுழைந்தவள், தலையிலிருந்த மீன் சருவத்தைக் கீழே இறக்கிவைத்துவிட்டு அந்தக் கண்ணாடிக் கதவைப் பார்த்துச் சிலுவை போட்டாள்.

"எந்தப் புனிதருக்க குருசடி இது? சுரூபம் இன்னும் வரல்லியா?" என்றாள்.

எங்கள் பக்கம் தெருமுனைகளில் கண்ணாடிக் கதவு போட்ட சின்னச் சின்ன குருசடிகள் உண்டு. உள்ளே புனிதரின் சிலை, அதாவது சுரூபம், இருக்கும். கத்தோலிக்கர்கள் மெழுகுதிரி ஏற்றிக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். நாங்களோ மிஷன் கோயில்காரர்கள், புராட்டஸ்டன்ட். எங்களுக்குச் சுரூபமும் கிடையாது, மெழுகுதிரியும் கிடையாது.

"இது அடுப்பாக்கும்" என்றேன்.

"அடுப்புக்கு ஆரு கண்ணாடிக் கதவு போடுவா?" என்று கேட்டுவிட்டு அயலையை எண்ண ஆரம்பித்தாள். நான் எதையோ மறைக்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். அந்த வாரமே கணப்பின் காலடியில் மெழுகுதிரிகளும் ஒரு முழம் பிச்சிப்பூவும் வந்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எங்கள் போதகர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் ஏதாவது மனக்கஷ்டமா என்று விசாரித்தார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, "ஒண்ணு கதவ மாத்துங்க, இல்லேன்னா என்னய மாத்துங்க" என்றேன்.

சிறிதுநேரம் யோசித்தார். "கதவு மாத்துறதுதான் எளுப்பம்" என்றார்.

மூன்றாவது கதவு கிரில் பட்டறையில் செய்த கனத்த இரும்புத் தகடு. பட்டறையில் கதவு என்றால் கொண்டி வைத்தே பழக்கம். இதற்கும் பூட்டுப் போட ஒரு கொண்டி வைத்து, வெள்ளிப் பெயின்ட் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். மூடினால் மின்வாரியப் பெட்டி மாதிரி இருந்தது. உள்ளே தீ எரிகிறதா இல்லையா என்று தட்டித்தான் கேட்க வேண்டும். "தீயப் பூட்டிச் சாவிய எங்க வைக்கப் போறிய?" என்று நான் கேட்டதற்கு அவர் சிரிக்கவில்லை. மகளிடமிருந்து அதற்கும் கட்டைவிரல்தான் வந்திருந்தது.

அன்று மத்தியானம் தற்செயலாக ஜன்னல் வழியே பார்த்தேன். மூடிய அந்தப் பெட்டிக்கு இரண்டு பக்கமும் இரண்டு நாற்காலிகளை எதிரும் புதிருமாகப் போட்டிருந்தார். ஒன்றில் இவர் உட்கார்ந்திருந்தார். எழுந்துபோய் எதிர் நாற்காலியைக் கொஞ்சம் கிட்டே இழுத்தார்; வந்து உட்கார்ந்து பார்த்தார். மறுபடி போய்க் கொஞ்சம் தள்ளிவைத்தார். எவ்வளவு தூரத்தில் இருந்தால் அவள் பேசுவாள் என்று அளந்துகொண்டிருந்தார். அதற்குப் பிறகு கதவு விஷயத்தில் நான் வாயைத் திறக்கவில்லை.

நான்காவது கதவில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பொறி தப்பாத நெருக்கமான எஃகு வலையில் இரட்டைக் கதவு, தலைக்கு மேலே சாரலைத் தடுக்க ஒரு தகட்டு முகப்பு. கோழிக்கும் இடமில்லை, குருசடி என்று யாரும் கும்பிடவும் இல்லை. கிறிஸ்துமஸுக்கு மகள் வந்து சேர்ந்தாள். வந்த அன்று சாயங்காலமே, மழை விட்டிருந்த நேரம் பார்த்து, தீ மூட்டினார்.

நான் அடுக்களையில் மரச்சீனிக்கிழங்கு உரித்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றேன். இருவரும் ஆளுக்கொரு நாற்காலியில் இருந்தார்கள்.

"பொறி வெளிய வராது" என்றார் இவர்.

"ம்" என்றாள்.

"மழையும் உள்ள போவாது."

"ம்."

அவ்வளவுதான். பிறகு கொதும்பு வெடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு நாக்கு துறுதுறுத்தது. நான் போய் நடுவில் உட்கார்ந்தால் இரண்டு நிமிடத்தில் இரண்டுபேரையும் சிரிக்கவைத்துவிடுவேன். போகவில்லை. போனால் அவள் என்னோடுதான் பேசுவாள். இவர் எழுந்து, தேவையே இல்லாமல் கதவை விரியத் திறந்து இரண்டு சிரட்டையைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். தோள் தளர்ந்துவிட்டிருந்தது.

"அப்பா, இந்தக் கதவு கொள்ளாது" என்றாள் மகள்.

"என்ன மக்களே கொறை?"

"தொறந்தா நமக்கு நடுவுல வந்து நிக்கி. எனக்கு ஒங்க மொகம் தெரியல்ல."

இவர் திறந்து நின்ற கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். கிழங்கு உரித்த கையோடு நான் அப்படியே நின்றேன். அவள் எழுந்து தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுவந்து இவர் பக்கத்தில் போட்டாள்.

"சொவரோட மடங்குற மாதிரி மாத்தலாம்" என்றார் கடைசியில்.

"மாத்தலாம். நாளைக்கு நானும் பட்டறைக்கு வாறேன். ஸ்கூட்டர்ல போவம்."

அதற்குப் பிறகு என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. கிழங்கு வெந்து, கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டுபேரும் வாங்கிக்கொண்டு, நான் எப்போது நகர்வேன் என்று பார்த்தார்கள்.

விடிந்தபோது இவர் ஸ்கூட்டரை வெளியே எடுத்துத் துடைத்துவைத்துவிட்டு, தேய்த்த சட்டை போட்டு, குளித்து வாரிய தலையோடு வாசலில் நின்றார். பட்டறை திறக்க இன்னும் எவ்வளவோ நேரம் கிடந்தது. "பிள்ள ஒறங்கட்டும், எழுப்பிராத" என்று என்னிடம் சொன்னார், ஏதோ நான் எழுப்பக் கிளம்பியதுபோல.